பேருந்தை நிறுத்தச் சொல்லும் வயது

மாட்டுத்தாவணியில் வண்டி ஏறும்போதே மாமா முன்வரிசை இருக்கையைத்தான் கேட்டு வாங்குவார். ஓட்டுநரின் காதுக்கு எட்டும் தூரத்தில் உட்கார வேண்டும். 27 வருடம் இதே மதுரை - சென்னை சாலையில் இரவு வண்டி ஓட்டியவர் அவர். நடுவழியில் எழுந்து வந்து, "தம்பி, கொஞ்சம் ஓரங்கட்டுப்பா" என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் பெரியவர்களை எத்தனையோ முறை பார்த்தவர். 66 வயதில், பேத்தியின் காதுகுத்துக்குச் சென்னைக்குப் போன இரவில், அந்தப் பெரியவராக அவரே ஆகியிருந்தார். துவரங்குறிச்சியில் ஒரு முறை. பெரம்பலூர் தாண்டி ஒரு முறை. உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் இன்னொரு முறை. அந்த மூன்றாவது தடவை இருட்டில் ஐந்து நிமிடம் நின்றிருக்கிறார். சொட்டுச் சொட்டாகத்தான் வந்ததாம். வண்டிக்குள் 40 பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் அத்தையிடம் சொன்னார்: "இனிமே எந்த விசேஷத்துக்கும் என்னையக் கூப்பிடாத."

புராஸ்டேட் பெருத்துப்போவது பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால், வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடும். கல்யாண மண்டபத்தில் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பார்கள். ரயிலில் கதவோரப் படுக்கையைக் கேட்பார்கள். வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். 'சர்க்கரை வந்திருக்குமோ' என்று ரத்தப் பரிசோதனை செய்து, இல்லை என்றதும் நிம்மதியாகி, 'வயசானா இப்படித்தான்' என்று விட்டுவிடுவார்கள். இப்படிப் பல வருடம் போகும். அந்த வருடங்கள்தான் இந்தக் கட்டுரையின் கவலை. ஏனென்றால், இந்த நோய்க்கு இன்று உள்ள வலி குறைந்த, வெட்டுக்காயமில்லாத சிகிச்சைகளில் பல, காலத்தோடு வருகிறவர்களுக்குத்தான் நன்றாக வேலை செய்கின்றன.

2024 ஜனவரி 17 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 75 வயதான மன்னர் சார்லஸுக்குப் புராஸ்டேட் வீக்கம், அதற்கு ஒரு சிகிச்சை செய்துகொள்ளப் போகிறார் என்று. அரச குடும்பங்கள் இப்படிப்பட்ட விஷயத்தை வெளியே சொல்வது வழக்கமில்லை. அன்றே பிரிட்டிஷ் பொது மருத்துவச் சேவையின் இணையதளத்தில் புராஸ்டேட் வீக்கம் பற்றிய பக்கத்துக்குக் கூட்டம் குவிந்தது. வழக்கமாக நாளொன்றுக்குச் சுமார் 1,400 முறை பார்க்கப்படும் பக்கம், அன்று 16,000 முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. அத்தனை ஆண்களும் அதுவரை யாரிடமும் கேட்காமல் மனதுக்குள் வைத்திருந்த கேள்வி அது. பிறகு மன்னருக்கு ஒரு புற்றுநோய் இருப்பதும் தெரியவந்தது. அது புராஸ்டேட் புற்றுநோய் இல்லை என்பதையும் அரண்மனை தெளிவுபடுத்தியது.

அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும். புராஸ்டேட் வீக்கம் வேறு, புராஸ்டேட் புற்றுநோய் வேறு. ஒன்று முற்றி மற்றொன்றாக மாறுவதில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம் என்பதால்தான் மருத்துவர்கள் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள்.

குழாயைச் சுற்றி ஒரு மோதிரம்

சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம்போல அமைந்திருக்கிறது இந்தச் சுரப்பி. விந்து திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. இளம் வயதில் 20 கிராம் அளவில் இருக்கும். நாற்பதைத் தாண்டியபின் குழாயை ஒட்டிய உள்பகுதி மெல்ல வளரத் தொடங்குகிறது. 60 வயதை நெருங்கும்போது ஏறக்குறையப் பாதி ஆண்களுக்கு இந்த வளர்ச்சி இருக்கும். 80 வயதில் பெரும்பாலோருக்கும். வளர்ந்த எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை. 100 கிராம் சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு, 35 கிராமோடு ராத்திரி ஐந்து தடவை எழுந்து அல்லாடுகிறவர்களும் உண்டு. எந்தப் பக்கமாக வளர்கிறது என்பதுதான் முக்கியம். வெளிப்பக்கம் வளர்ந்தால் குழாய்க்கு அதிகம் இடைஞ்சல் இல்லை. நடுமடல் என்ற பகுதி மேலெழும்பிச் சிறுநீர்ப்பைக்குள் துருத்தினால், குழாயின் வாயில் மூடிபோலப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சிறுநீரை அடக்கி அடக்கி ஓட்டுநர் வேலை பார்த்ததால்தான் தனக்கு இது வந்தது என்று மாமா நம்பினார். அப்படி இல்லை. வயதும் ஆண் ஹார்மோனும்தான் இதன் வேர். டெஸ்டோஸ்டீரோன் சுரப்பிக்குள் வேறொரு வீரியமான ஹார்மோனாக மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்கிற நொதி பிறவியிலேயே குறைந்த ஒரு கூட்டத்தாரை டொமினிக்கன் குடியரசில் கண்டறிந்து 1974-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்குப் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்த மாத்திரைதான் ஃபினாஸ்டெரைடு. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மாத்திரைகள் இரண்டு வகை. டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை சுரப்பியின் தசையைத் தளர்த்தி வழிவிடச் செய்கின்றன. சில நாளிலேயே பலன் தெரியும். சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். கண்ணின் பாப்பா சரியாக விரியாமல் சிகிச்சை சிக்கலாகும். ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு இரண்டாம் வகை. சுரப்பியையே சுருக்குபவை. ஆனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இவற்றைச் சாப்பிடும்போது பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து காட்டும். அறிக்கையில் 3 என்று இருந்தால் அதை 6 என்று வைத்துத்தான் மருத்துவர் யோசிப்பார். ஊர்ப் பக்கம் விளம்பரமாகும் ‘சா பால்மெட்டோ’ மூலிகைக் குளிகையை 2006-லும் 2011-லும் அமெரிக்காவில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் மாவு மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் இல்லை.

மாமா இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டார். முதல் ஆறு மாதம் நன்றாக இருந்தது. பிறகு பழையபடி.

மூன்று இடம், மூன்று பதில்

மாத்திரை போதவில்லை என்றானபிறகு நான் அவரோடு மருத்துவமனைகளுக்குப் போகத் தொடங்கினேன். முதல் இடத்தில், "சுரண்டி எடுத்துடலாம், மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள். இரண்டாவது இடத்தில், "சுரண்டுறதெல்லாம் பழசு, லேசர் வெச்சிடலாம்" என்றார்கள். மூன்றாவது இடத்தில், "கீழே எதுவும் விட வேண்டாம், மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியா போயி சுரப்பிக்குப் போற ரத்தத்தை அடைச்சிடலாம்" என்றார்கள். மூவருமே திறமையான மருத்துவர்கள். மூவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன் அறையில் இருந்த கருவியைத்தான் சொன்னார்கள். வெளியே வந்த மாமா, "மாப்ளே, ஒரே வண்டிய மூணு மெக்கானிக்கிட்ட காட்டுன மாதிரி இருக்குடா" என்றார்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, ஒவ்வொன்றும் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

'சுரண்டுவது' என்று சொன்னது டி.யூ.ஆர்.பி. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டு, மின்சாரக் கம்பி வளையத்தால் சுரப்பியைச் சீவல் சீவலாக வெட்டி எடுப்பது. இதற்கான கருவி 1920-களிலேயே உருவாகிவிட்டது. இன்றுவரை மற்ற எல்லாச் சிகிச்சைகளையும் அளந்து பார்க்கிற அளவுகோல் இதுதான். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கிறது. 'பழசு' என்று அதைத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிறுநீர் வேகமாகப் போக ஆரம்பிக்கும், அந்தப் பலன் பல வருடம் நிலைக்கும். முன்பு உள்ளே பாய்ச்சிய கிளைசின் நீர் ரத்தத்தில் கலந்து சோடியத்தைக் குறைத்துவிடும் ஆபத்து இருந்தது. இப்போது பைபோலார் முறையில் சாதாரண உப்புநீரையே பயன்படுத்துவதால் அந்தப் பயம் போய்விட்டது. ரத்தக்கசிவும், இரண்டு மூன்று நாள் சிறுநீர் வடிய டியூபும் இதில் உண்டு. இன்னொரு விளைவும் உண்டு. அந்த விஷயத்துக்கு, பிறகு வருகிறேன்.

லேசரிலும் வகைகள் இருக்கின்றன. பச்சை லேசர் சுரப்பியை ஆவியாக்குகிறது. ஹோல்மியம் லேசர் கொண்டு செய்யும் ஹோலெப் முறையோ, ஆரஞ்சுப் பழத்தின் தோலை விட்டுவிட்டுச் சுளையை மட்டும் எடுப்பதுபோல வளர்ந்த பகுதியை முழுசாகக் கழற்றி எடுக்கிறது. நியூசிலாந்தின் டவ்ராங்கா நகரில் பீட்டர் கில்லிங் 1990-களில் உருவாக்கிய முறை இது.

இங்கே ஒரு பழைய கதை. சுளையும் தோலும் தானாகப் பிரியும் அந்த இடைவெளியை விரலால் தேடிக் கண்டுபிடித்து உலகறியச் செய்தவர் பீட்டர் ஃப்ரேயர் என்ற அயர்லாந்துக்காரர். 1875-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து 20 வருடத்துக்கு மேல் இங்கேதான் இருந்தார். சிறுநீர்ப்பைக் கல்லை வயிற்றைக் கிழிக்காமல் உள்ளேயே நொறுக்கி எடுப்பதில் பேர்பெற்றவர். ராம்பூர் நவாப் அவரிடம் கல் எடுத்துக்கொண்டு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். இந்தியச் சிறுநீர்ப்பைகளில் தேர்ந்த அந்தக் கை, லண்டனுக்குத் திரும்பியபின் 1900-ல் வயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பைக்குள் விரலை விட்டு, புராஸ்டேட்டைத் தோண்டி எடுத்தது. நியூயார்க்கில் யூஜீன் ஃபுல்லர் தனக்கு முன்பே செய்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார். ஃப்ரேயரின் விரல் போன அதே இடைவெளியில்தான் இன்று லேசர் நுழைகிறது. வயிற்றில் காயம் கிடையாது. சுரப்பி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முடியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கும் இது ஓரளவு பாதுகாப்பானது. திரும்ப அறுவை சிகிச்சை தேவைப்படுவது மிகக் குறைவு. ஆனால் கற்றுக்கொள்ளச் சிரமமான வித்தை. ஒரு மருத்துவர் கை தேற 30, 50 நோயாளிகள் ஆகும் என்பார்கள். 'இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

இவை எல்லாமே 'தழும்பில்லாத சிகிச்சை' என்றுதான் விளம்பரமாகின்றன. வெளித்தோலில் காயமில்லை என்பது உண்மை. உள்ளே சதை எடுக்கப்படுகிறது, மயக்க மருந்து வேண்டும், மருத்துவமனையில் தங்க வேண்டும். இன்னொரு குடும்பம் இருக்கிறது. சதையை வெட்டாமல், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுபவை. உண்மையான எளிய சிகிச்சைகள் என்று நான் சொல்வது அவற்றைத்தான்.

யூரோலிஃப்ட் அதில் ஒன்று. இரண்டு பக்கமும் நெருக்கும் திரையை நாடாவால் ஒதுக்கிக் கட்டுவதுபோல, சுரப்பியின் மடல்களைச் சிறிய உலோகப் பிடிப்புகளால் ஓரமாக இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். 2013-ல் அமெரிக்காவில் அனுமதி. பலருக்கு டியூபே தேவைப்படுவதில்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 206 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், 5 வருட முடிவில் தொந்தரவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. 13.6 சதவீதம் பேருக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. நடுமடல் பெரிதாகத் துருத்தியவர்களுக்கு இது பொருத்தமில்லை. உள்ளே உலோகம் இருப்பதால், பின்னாளில் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தால் படம் அந்த இடத்தில் மங்கலாம்.

ரெஸூம் வேறு மாதிரி. ஊசி வழியாகச் சுரப்பிக்குள் நீராவியைச் செலுத்துவது. ஒவ்வொரு இடத்திலும் 9 விநாடி. ஆவி குளிர்ந்து நீராகும்போது வெளியிடும் வெப்பத்தில் அந்தத் திசு செத்துப்போகும். இட்லிச் சட்டியைத் திறக்கும்போது ஆவி கையைச் சுடுவது நமக்குத் தெரியும். அதே வெப்பம்தான் அது. செத்த திசுவை உடம்பு மூன்று மாதத்தில் கரைத்துக்கொள்ளும். 2015-ல் அமெரிக்காவில் அனுமதி. 197 பேர் கொண்ட ஆய்வில் 5 வருடத்தில் தொந்தரவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மறு அறுவை சிகிச்சை 4.4 சதவீதம் பேருக்கு. நடுமடலுக்கும் செய்யலாம். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சுரப்பி 30 முதல் 80 கிராம் வரையிலான அளவு. இதன் சிரமம் பொறுமையில் இருக்கிறது. ஆவி பட்ட திசு முதலில் வீங்கும். அதனால் சில நாள், சிலருக்கு ஒரு வாரம், டியூபோடு இருக்க வேண்டும். முதல் சில வாரம் எரிச்சலும் அவசரமும் முன்பைவிட அதிகமாகத் தோன்றும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், நோயாளி ஏமாந்துவிட்டதாக நினைப்பார்.

ரத்தக்குழாயை அடைப்பது தலையீட்டுக் கதிரியக்க மருத்துவர்களின் வேலை. தொடையிலோ மணிக்கட்டிலோ தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்-ரே திரையில் பார்த்தபடி நுண்மணிகளை விட்டுச் சுரப்பிக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பார்கள். 2008 வாக்கில் பிரேசிலின் சாவோ பாவ்லோவிலும், அடுத்து போர்ச்சுகலின் லிஸ்பனிலும் வளர்ந்த முறை. பெரிய சுரப்பி உள்ள, மயக்க மருந்து தாங்காத முதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் தமனிகள் தடித்துச் சுண்ணாம்பேறி நெளிந்திருந்தால் குழாய் போய்ச் சேர்வதே கஷ்டம். சாயம் செலுத்துவதால் சிறுநீரகம் பலவீனமானவர்கள் யோசிக்க வேண்டும்.

ஐந்தாறு நாள் மட்டும் உள்ளே வைத்து எடுத்துவிடும் நிட்டினால் கம்பிச் சாதனமும் இருக்கிறது. வெப்பமில்லாமல் நீர்த்தாரையால் சதையை அரித்தெடுக்கும் அக்வாபிளேஷன் என்ற ரோபோ முறையும் இருக்கிறது. இந்த இரண்டாவதற்கு மயக்க மருந்தும் மருத்துவமனைப் படுக்கையும் வேண்டும். பலனில் டி.யூ.ஆர்.பி.க்கு நிகராக நிற்கிறது.

புதியது என்பதற்காகவே ஒன்றை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இந்தத் துறையே சாட்சி. 1980-களின் முடிவில் பலூனை ஊதிப் புராஸ்டேட்டை விரிப்பது பரபரப்பாக இருந்தது. சில வருடத்தில் கைவிடப்பட்டது. 1996-ல் மைக்ரோவேவ் வெப்பமும், ஊசி வழி ரேடியோ அலை வெப்பமும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவையும் 'அறுவை சிகிச்சையே வேண்டாம்' என்றுதான் வந்தன. இன்று ஊசி முறையை அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. மைக்ரோவேவ் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஒரு வருடப் பலன் எல்லாச் சிகிச்சைக்கும் அழகாகத்தான் இருக்கும். ஐந்தாம் வருடக் கணக்கைக் கேட்க வேண்டும்.

யாரும் கேட்காத கேள்வி

பிறகு வருகிறேன் என்றேனே, அந்த விஷயம் இது. டி.யூ.ஆர்.பி. செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு, ஹோலெப்பில் அதற்கும் மேல், உடலுறவின்போது விந்து வெளியே வராது. சிறுநீர்ப்பையின் வாய் அகன்றுவிடுவதால் பின்னோக்கிப் போய், பிறகு சிறுநீரோடு கலந்து வெளியேறும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. விறைப்புத்தன்மை பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் முன்கூட்டியே தெரியாத ஒருவருக்கு அது பேரதிர்ச்சி. ஆண்மை போய்விட்டது என்றே முடிவுகட்டிவிடுவார். யூரோலிஃப்ட்டிலும் ரெஸூமிலும் இந்த இழப்பு மிக அரிது. அக்வாபிளேஷனை டி.யூ.ஆர்.பி.யோடு ஒப்பிட்ட ஆய்வில் 10 சதவீதத்துக்கு 36 சதவீதம் என்று கணக்கு வந்தது. எளிய சிகிச்சைகளை உலகம் தேடியதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இதுதான்.

நம் ஊர் மருத்துவமனை அறைகளில் இதைப் பேசுவதே இல்லை. பேரன் பேத்தி எடுத்தவரிடம் இதைக் கேட்பது அநாகரிகம் என்று மருத்துவர் நினைக்கிறார். கேட்டால் என்ன நினைப்பாரோ என்று நோயாளி நினைக்கிறார். கூட மகனோ மருமகனோ உட்கார்ந்திருப்பார். கையெழுத்துப் போடும் ஆங்கிலப் படிவத்தில் ஏதோ ஒரு வரியில் அது இருக்கும். 65 வயதில் ஒருவருக்கு அந்த வாழ்க்கை முடிந்துவிட்டது என்று முடிவெடுக்க மருத்துவருக்கும் உரிமையில்லை, மருமகனுக்கும் உரிமையில்லை. அது முக்கியமே இல்லை, நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று ஒருவர் சொன்னால் அதுவும் சரிதான். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். எது நல்ல சிகிச்சை என்ற கேள்விக்குப் பதில், எதை இழக்க மனமில்லை என்ற கேள்விக்குள் இருக்கிறது. அதைக் கேட்காமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

மன விருப்பத்துக்கு உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். சிறுநீர் அடிக்கடி முழுசாக அடைத்துக்கொண்டவர், சிறுநீர்ப்பையில் கல் வந்தவர், திரும்பத் திரும்பத் தொற்று வருபவர், சிறுநீரகமே பாதிக்கப்பட்டவர் — இவர்களுக்குச் சதையை எடுக்கும் சிகிச்சைதான் பொதுவாக நம்பகமானது. அடைப்பை எதிர்த்து முக்கி முக்கியே பல வருடம் உழைத்த சிறுநீர்ப்பை தளர்ந்துவிட்டால், வழியைத் திறந்துவிட்டாலும் தள்ள ஆள் இருக்காது. சர்க்கரை நோய் நீண்டகாலம் உள்ளவர்களுக்கு நரம்பு பாதிப்பாலும் இதே தளர்ச்சி வரும். அடைப்பா, தளர்ச்சியா என்று சந்தேகம் இருந்தால் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை சொல்லிவிடும். சர்க்கரை நோய் இவ்வளவு பரவியிருக்கும் நம் ஊரில், அந்தச் சோதனை தேவையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கூச்சத்தில் தள்ளிப்போட்ட வருடங்கள் பறித்துக்கொள்வது இந்தத் தேர்வுகளைத்தான். சளிக்கு மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதையும் விட வேண்டும். மூக்கடைப்புக்கும் ஒவ்வாமைக்குமான சில மாத்திரைகள் ஒரே ராத்திரியில் சிறுநீரை முழுக்க அடைத்து, விடியுமுன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடும்.

பணம். டி.யூ.ஆர்.பி.க்கான கருவி திரும்பத் திரும்பப் பயன்படும். ரெஸூமின் கைப்பிடிக் கருவி ஒரு நோயாளிக்கு ஒன்று, பிறகு தூக்கி எறிய வேண்டும். யூரோலிஃப்ட்டின் ஒவ்வொரு பிடிப்புக்கும் தனி விலை, ஒருவருக்கு நான்கைந்தாவது வேண்டும். அதனால் படுக்கைச் செலவு மிச்சமானாலும் மொத்தச் செலவு கூடிவிடுகிறது. இந்தியாவில் பெரிய நகரங்களின் சில தனியார் மருத்துவமனைகளில்தான் இவை கிடைக்கின்றன. காப்பீடு வைத்திருப்பவர்கள் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, அதற்குப் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. காசில்லாததால் டி.யூ.ஆர்.பி. செய்துகொள்பவர் எதிலும் குறைந்துபோய்விடவில்லை. அடைப்பை நீக்குவதில் அது இந்த விலை உயர்ந்த எளிய சிகிச்சைகளைவிட வலுவானது.

ஒரு நோட்டு, ஒரு அளவுக் குவளை

நான்காவதாகப் போன மருத்துவர் கருவி எதையும் பற்றிப் பேசவில்லை. ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். உலகெங்கும் பயன்படும் மதிப்பெண் தாள் அது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 7 வரை லேசு, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எட்டாவதாக ஒரு கேள்வி, மதிப்பெண்ணில் சேராதது: இனி ஆயுசு முழுக்க உங்கள் சிறுநீர் நிலைமை இப்படியேதான் இருக்கும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மாமா அந்தக் கேள்வியில் ரொம்ப நேரம் நின்றார். மொத்தம் 22 வந்தது.

பிறகு ஒரு நோட்டும் பிளாஸ்டிக் அளவுக் குவளையும் வாங்கி மூன்று நாள் எழுதிவரச் சொன்னார். எத்தனை மணிக்கு, எவ்வளவு மில்லி, என்ன குடித்தீர்கள். இந்தச் சாதாரண நோட்டைப்போல மலிவான, உபயோகமான பரிசோதனை வேறில்லை என்று இப்போது நம்புகிறேன். 24 மணி நேரச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியிலேயே உற்பத்தியானால், தூக்கம் கெடுவதற்குக் காரணம் புராஸ்டேட் மட்டும் இல்லை. கால் வீக்கம், இதயம், குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது, மாலையில் போடும் நீர் மாத்திரை என்று வேறு இடத்தில் தேட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு எந்த லேசர் வைத்தாலும் ராத்திரி எழுந்துகொண்டுதான் இருப்பார். மாமாவின் நோட்டை எழுதியது அத்தை. எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது அவரைவிட அத்தைக்குத்தான் தெரிந்தது.

நோட்டில் ராத்திரிக் கணக்கு அளவோடு இருந்தது. சுரப்பி 48 கிராம். சிறுநீர் வேகம் விநாடிக்கு 8 மில்லி. போனபிறகும் உள்ளே 90 மில்லி தங்குகிறது. பி.எஸ்.ஏ. கவலைப்படும்படி இல்லை. சிறுநீர்ப்பைக்கு இன்னும் பலம் இருக்கிறது. "உங்களுக்கு வழி நிறைய இருக்கு" என்றார் மருத்துவர். "எது வேண்டாம்னு முதல்ல சொல்லுங்க."

"டியூப்பப் போட்டு, பையத் தொங்கவிட்டு நாலு பேரு முன்னாடி நடக்கக் கூடாது டாக்டர். அவ்வளவுதான்" என்றார் மாமா. 27 வருடம் காக்கிச் சட்டை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர்.

மருத்துவர் தலையசைத்துவிட்டு, யாரும் கேட்காத அந்தக் கேள்வியைச் சாதாரணமாக, பசிக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு மாமா என் பக்கம் திரும்பி, "மாப்ளே, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார்.

வராந்தாவில் பத்து நிமிடம் நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்த மாமா, "ஆவி வெக்கிறது. அடுத்த வியாழக்கிழமை" என்றார்.

ஐந்து நாள் டியூபோடு வீட்டில் இருந்தார். முதல் நாள் உள்ளறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தை, கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் துணிப்பை ஒன்றைத் தேடியெடுத்து, சிறுநீர்ப் பையை அதற்குள் வைத்துக் கொடுத்தார். மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மஞ்சள் பையை இடுப்புக்குக் கீழே தாழப் பிடித்தபடி, தெருமுனை டீக்கடை வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தார்.